மூன்றாம் பிரஸ்ஸில் விழுந்த கீறல்

மனேஜரின் மேசையில் ஒரு தகரப் பேசின் கவிழ்ந்து கிடந்தது. புதுப் பேசின். ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு மாதம்கூட ஆகாமல் திரும்பி வந்திருந்தது. அதன் வெளிப்புறத்தில், விளிம்புவரை ஏறிய ஒரு துருக் கோடு. அடிமட்டக் கோல் வைத்துக் கீறினாலும் அவ்வளவு நேராக வராது.

மேசைக்கு அந்தப் பக்கம் மனேஜர். இந்தப் பக்கம், தகட்டை அழுத்திப் பேசினாக்குகிற மூன்றாம் பிரஸ் மெஷினில் வேலை செய்யும் அன்ரன், கையில் எண்ணெய்த் துணியோடு. பக்கத்தில் நான், கொப்பியும் பேனையுமாக.

“மூன்றாம் நம்பர் பிரஸ்” என்றார் மனேஜர், சிங்களத்தில். “இந்த முறையும் மூன்றாம் நம்பர்தான். மற்ற இரண்டிலும் செய்தது ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.”

அன்ரன் துருக் கோட்டைப் பார்த்தார். துணியை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார். போகலாம் என்று மனேஜர் தலையசைத்ததும் போய்விட்டார்.

கதவு சாத்தியதும் மனேஜர் குரலைத் தாழ்த்தினார். வெள்ளிக்கிழமைக்குள் காரணம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், ‘வேண்டுமென்றே செய்த சேதம்’ என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதப் போவதாகச் சொன்னார். அங்கிருந்து அது பொலிசுக்குப் போகும்.

அன்று திங்கட்கிழமை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகிற சாமானை ஒரு தமிழன் வேண்டுமென்று பழுதாக்கினான் என்று ஒரு கடிதம் போனால், அந்த ஆள் எப்போது வீடு திரும்புவார் என்று யாராலும் சொல்ல முடியாது. அன்ரனுக்குக் கொட்டாஞ்சேனையில் மனைவியும் மூன்று பெண் பிள்ளைகளும். அந்தக் கொலன்னாவைத் தொழிற்சாலையில் அவரையும் என்னையும் தவிர வேறு தமிழர் இல்லை.

எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்தவுடன் பயத்தைவிட ஆவல்தான் கூட வந்தது. சொல்ல இன்றைக்கும் வெட்கம்தான். ஒரு மனிதனின் தலை போகிற விஷயம், நானோ இது ஏன் இவ்வளவு நேராக இருக்கிறது என்று யோசித்துக்கொண்டு நிற்கிறேன்.

சுரண்டிப் பார்க்கிற புத்தி

வெள்ளவத்தையில் அறை தேடி அலைந்ததைப் போன வாரம் எழுதினேன். ‘இரசாயனம் படித்த பெண் தகரப் பேசின் செய்கிற இடத்தில் என்ன செய்தீர்கள்?’ என்று ஒரு வாசகர் கேட்டு எழுதியிருக்கிறார். நல்ல கேள்வி. என் அம்மாவும் அதைத்தான் கேட்டா.

தகட்டைத் தட்டிப் பார்க்கிற வேலை என்றுதான் அம்மாவுக்குச் சொன்னேன். தரம் பார்க்கிற வேலை. வெள்ளை மேலங்கி, ஒரு சின்ன அறை, நாலைந்து போத்தல் அமிலம், எல்லாம் இருந்தது.

சின்ன வயதிலிருந்தே எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எதற்காவது பூச்சு பூசியிருந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று சுரண்டிப் பார்க்க வேண்டும். எனாமல் கோப்பை, அலுமாரி வார்னிஷ், ஒன்றையும் விட்டதில்லை. அப்பா புதுச் சைக்கிள் வாங்கி வந்த அன்று, கறுப்பு நிறத்துக்கு அடியிலும் கறுப்புத்தானா என்று ஊசியால் கீறிப் பார்த்தேன். முதுகில் பளார் என்று ஒன்று விழுந்தது. அடியில் இருந்தது சாம்பல் நிறம். அடி வாங்கியது ஒரு பக்கம், விஷயம் தெரிந்துவிட்ட திருப்தி மறுபக்கம்.

கொலன்னாவையில் எனக்குக் கிடைத்ததும் பூச்சுத்தான். எங்கள் பேசின்கள் இரும்புத் தகட்டில் செய்தவை. அந்தத் தகட்டின் இரண்டு பக்கமும் மெல்லிய துத்தநாகப் பூச்சு இருக்கும். பூச்சு முழுசாக இருக்கும்வரை தண்ணீர் இரும்பைத் தொடாது. ஒரு கீறல் பூச்சைத் தாண்டி ஆழமாக இறங்கிவிட்டால், ஆஸ்பத்திரித் தண்ணீரும் உப்பும் மருந்தும் அந்த வழியால் உள்ளே போய்விடும். பிறகென்ன, துருதான்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. புதிதாக இருக்கும்போது பூச்சும் வெள்ளி நிறம், கீறலும் வெள்ளி நிறம். பேசினை மரத்தூளால் துடைத்து அடுக்கிவைத்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. துருப் பிடித்த பிறகுதான் அது தன்னைக் காட்டும். அதற்குள் லொறி போய்விடும்.

உள்ளங்கை அளவு சரி

இரண்டு மாதத்துக்கு முந்தி மூன்று பிரஸ்ஸிலுமே நாலைந்து பேசின் கீறலோடு வந்திருந்தன. எல்லா இடத்திலும் நடக்கிறதுதான். ஆனால் மனேஜர் என்னைக் கூப்பிட்டு, மூன்றாம் பிரஸ்ஸுக்குப் போகிற தகடுகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்து, நல்லதென்றால் வெண்கட்டியால், அதாவது சோக்கால், ஒரு ‘சரி’ அடையாளம் போட்டு அனுப்பச் சொன்னார்.

ஏன் மூன்றாம் பிரஸ் மட்டும் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

நான் சும்மா செய்தேனா? வட்டத் தகட்டின் விளிம்போரமாக, உள்ளங்கை அளவில் ஒரு சரி போட்டேன். தமிழச்சி தமிழனுக்காகக் கண்ணை மூடிக்கொண்டாள் என்று ஒருவரும் சொல்லிவிடக்கூடாது பாருங்கள். குறுக்கே போகிறவனுக்கும் தெரிகிற மாதிரிப் போட்டேன்.

அந்த நாலைந்தோடு மற்ற இரண்டு பிரஸ்ஸிலும் கீறல் நின்றுவிட்டது. மூன்றில் கூடியது. மனேஜரின் கணக்குச் சுலபமாக முடிந்தது. தகடு நல்லதென்று மிஸ்ஸே சரி போட்டிருக்கிறா. அப்படியானால் கீறல் அன்ரனின் கையில்தான் விழுகிறது. தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்ற கோபத்தில் ஆள் அச்சுக்குள் மணலோ, உலோகம் தேய்க்கிற எமரித் தூளோ போடுகிறான்.

என் சரியே அந்த மனிதனுக்கு எதிரான சாட்சி ஆகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை அன்ரனின் அலுமாரியைத் திறந்து சோதித்தார்கள். மாற்றி உடுக்க ஒரு சேட், ஒரு அந்தோனியார் படம், ஒரு சோற்றுப் பார்சல். பார்சலையும் பிரித்துச் சோற்றைக் கிண்டினார்கள். அன்ரன் பிறகு அதையே சாப்பிட்டார். பக்கத்துப் பிரஸ்காரர் குணபால தன்னுடைய பொரித்த மீனில் பாதியை அவருடைய சோற்றில் வைத்துவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் தன் இடத்துக்குப் போனார்.

பேசினோடு பஸ்ஸில்

அன்று பின்னேரம் மூன்றாம் பிரஸ்ஸில் அன்று அடித்த பேசின் ஒன்றைக் கடதாசியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். வெளிச்சத்தில் ஆறுதலாகப் பார்க்க வேண்டும். பொரளையில் பஸ் மாறும்போதே சனம் என்னை விட்டு விலகி நின்றது. அந்தக் காலத்தில் கடதாசியில் சுற்றிய உருண்டையான சாமானோடு பஸ் ஏறுகிறவள் நல்லவளாக இருக்க முடியுமா?

வெள்ளவத்தைப் பாலத்தடிச் சோதனைச்சாவடியில் இறக்கிவிட்டார்கள். ஆமிக்காரன் இளந்தாரி. துவக்கின் நுனியால் கடதாசியைத் தொட்டு, “மொகத்த மே?” என்றான், இது என்ன என்று.

“பேசமக் மாத்தயா”, பேசின்தான் ஐயா, என்று பிரித்துக் காட்டினேன்.

அடையாள அட்டை, வேலைக் கடிதம், பொலிஸ் பதிவு, மூன்றையும் நீட்டினேன். மூன்றும் கைப்பையின் மேல் அறையில், ஒன்றன்மேல் ஒன்றாக, எடுக்க வசதியாக எப்போதும் இருக்கும். அவன் அவற்றைப் பார்க்கவேயில்லை. பேசினை வாங்கி வெயிலில் சரித்துத் திருப்பினான். நகத்தால் வெளிப்புறத்தைத் தடவினான்.

“மேக்க சீரிலா நே!” என்றான், இது கீறுப்பட்டிருக்கிறதே என்று. நல்லதாகப் பார்த்து மாற்றி வாங்கச் சொல்லிப் புத்தியும் சொன்னான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தரம் பார்க்கிறவள் மாதக்கணக்காகக் காணாததை ஆமிக்காரன் அரை நிமிடத்தில் கண்டுவிட்டான். கண்ணால் பார்க்கவில்லை, நகத்தால் பார்த்தான். அதைப் பிடித்துக்கொண்டேன்.

அறைக்குப் போய் யன்னலோரம் உட்கார்ந்து, நானும் நகத்தால் தடவினேன். கீறல் பேசினின் அடியில் தொடங்கவில்லை. அடியிலிருந்து இரண்டு விரல் மேலே தொடங்கியது. விளிம்பை நோக்கிப் போகப் போக ஆழம் கூடியது. மனிதன் கையால் கீறினால் அழுத்தித் தொடங்கி இளக்கி முடிப்பான். இது மறுவளமாக இருந்தது. அதோடு, பேசினின் அடியில் அச்சு பொறிக்கிற ஒரு இலக்கம் உண்டு. கீறல் அந்த இலக்கத்துக்கு நேரே நின்றது. மனேஜரின் மேசையில் இருந்த பேசினிலும் அப்படித்தான் நின்றது.

இது கோபக்காரன் வேலை இல்லை. ஒரே இடத்தில் நின்றுகொண்டு ஒவ்வொரு பேசினுக்கும் காத்திருக்கிற ஏதோ ஒன்றின் வேலை.

மேலே பார்க்காதவர்கள்

புதன்கிழமை காலை நேரே மூன்றாம் பிரஸ்ஸடிக்குப் போனேன். “அன்ரன், மெஷினை நிப்பாட்டுங்கோ. உள்ளுக்குப் பாக்கோணும்.”

“கீழ எல்லாம் பார்த்தாச்சு மிஸ். மனேஜரும் டோர்ச் அடிச்சுப் பார்த்தவர்.”

“மேல ஆர் பார்த்தது?”

அவர் என்னைப் பார்த்தார். ஒருவரும் பார்க்கவில்லை.

எங்கள் பேசின் கவிழ்ந்துதான் பிறக்கும். கீழே ஒரு உருண்டைக் கட்டை நிற்கும். அதன்மேல் வட்டத் தகட்டை வைப்பார்கள். மேலிருந்து குழிவான அச்சு இறங்கித் தகட்டைக் கட்டையோடு சேர்த்து இழுத்து மூடும். பேசினின் வெளிப்புறம் முழுவதும் அந்த மேல் அச்சின் வாயில் உரசிக்கொண்டுதான் போகும். ஆனால் மேல் அச்சைப் பார்ப்பதென்றால் பிரஸ்ஸுக்குள் தலையை நீட்ட வேண்டும். உயிரில் ஆசை உள்ளவன் நீட்டுவானா?

அன்ரன் சுவிட்சை அணைத்து, நடுவில் மரக்கட்டை முண்டு கொடுத்தார். குணபால சவரக் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்தார். கண்ணாடியில் அச்சின் வாய் பளபளவென்றுதான் தெரிந்தது. கண் ஏமாற்றும் என்று முதல்நாள் படித்த பாடம் நினைவு வந்தது. கையை விட்டு, என் நைலெக்ஸ் சேலைத் தலைப்பால் அச்சின் வாயைச் சுற்றித் துடைத்தேன்.

முன்பக்கம் வந்ததும் சேலை பிடித்துக்கொண்டது. இழுத்தேன், நூல் கிளம்பியது.

“இஞ்ச இருக்கு!” என்று கத்திவிட்டேன். குணபால ஓடி வந்து, தானும் விரலால் தடவிப் பார்த்து, “அம்மோ!” என்றார்.

அரிசிக் குறுணல் அளவு ஒரு பரு. சுரண்டி எடுத்து என் அறைக்குக் கொண்டுபோய் ஒரு துளி அமிலம் விட்டேன். சுர்ரென்று நுரைத்து, மிச்சமில்லாமல் கரைந்துபோனது. மணலென்றால் அப்படியே கிடந்திருக்கும். எமரித் தூளும் கிடந்திருக்கும். இது துத்தநாகம். தகட்டின் சொந்தப் பூச்சே உரிந்து, அச்சில் ஒட்டி, இறுகி, பின்னால் வருகிற தகடுகளைக் கீறியிருக்கிறது.

துள்ளிக்கொண்டு மனேஜரிடம் ஓடினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “அப்படியானால் மற்ற இரண்டிலும் ஏன் ஒட்டவில்லை?” என்றார்.

மறுபடி பிரஸ்ஸடிக்குப் போனேன். குணபால எண்ணெய்க் கல்லால் அச்சைத் தேய்த்து மினுக்கினார். அன்ரன் நாற்பது பேசின் அடித்தார். மறுபடி சேலைத் தலைப்பை விட்டேன். அதே இடத்தில் மறுபடி பரு.

அன்று அன்ரன் வீட்டுக்குப் போகும்போது, “மிஸ், வெள்ளிக்கிழமைக்குப் பிறகு என்ர மனிசி வந்தா, சம்பளப் பாக்கி குடுப்பினமோ?” என்று கேட்டார். “விசர்க்கதை கதையாதேங்கோ” என்று ஏசிவிட்டேன். வேறென்ன சொல்ல?

தூரிகை போன வழி

வியாழக்கிழமை ஒரு ஸ்டூலைப் போட்டு மூன்றாம் பிரஸ்ஸுக்கு எதிரே உட்கார்ந்தேன். ஒன்றும் கேட்பதில்லை, பார்ப்பது மட்டும் என்று முடிவு.

முதலில் குணபாலவைப் பார்த்தேன். தகட்டை எப்படியோ போடுவார். தூரிகையை எண்ணெயில் முக்கி வீசுவார். தகட்டிலும் விழும், தரையிலும் விழும், தான் உடுத்திருக்கிற சாரத்திலும் விழும். அவர் பேசினில் ஒரு கீறல் இல்லை.

அன்ரனின் வேலை வேறு மாதிரி. தகட்டை இரண்டு கையாலும் எடுத்து, என் சரி தன் பக்கம் வரும்படி திருப்பி வைப்பார். ஒவ்வொரு தகட்டையும் அப்படித்தான். பிறகு தூரிகையால் சுற்றிவர, சீராக, ஒரு துளி சிந்தாமல் எண்ணெய் பூசுவார். என் சரிக்குக் கிட்ட வந்ததும் தூரிகை நிற்கும். அதைச் சுற்றி வளைந்து போகும். அந்தப் பக்கம் மறுபடி தொடங்கும்.

அடுத்த தகடு. அதே வளைவு. அதற்கடுத்தது. அதே வளைவு.

எழும்பிக் கிட்டப் போனேன். தகடு முழுதும் எண்ணெய் மினுமினுக்க, உள்ளங்கை அளவு இடம் மட்டும் காய்ந்து, வெண்கட்டிப் பொடியோடு கிடந்தது. அச்சின் முன்வாய்க்கு நேரே.

“அன்ரன், ஏன் இந்த இடத்துக்கு எண்ணெய் பூசேல்லை?”

அவர் இதென்ன கேள்வி என்பதுபோலப் பார்த்தார். “அது நீங்க போட்ட சரி மிஸ். பூசினா அழிஞ்சு போகுமே.”

“அழிஞ்சா என்ன?”

“இடையில மனேஜர் வந்து, இது செக் பண்ணினதோ எண்டு கேட்டா? நான் என்னத்தைக் காட்டுறது?”

காய்ந்த இடம் அச்சோடு நேரடியாக உரசுகிறது. எண்ணெய் இல்லாமல் பூச்சு உரிகிறது. ஒவ்வொரு தகட்டிலும் ஒரே இடத்தில், ஏனென்றால் சரியைக் கையெட்டுகிற தூரத்தில், காட்ட வசதியாக வைக்கிறார். என் கைப்பையின் மேல் அறையில் மூன்று கடதாசி இருக்கிற மாதிரி.

மற்ற இரண்டு பிரஸ்ஸிலும் கீறல் இல்லாததற்குக் காரணம் அங்கே சரி இல்லாததுதான். சந்தேகப்பட்டுப் போட்ட அடையாளம்தான் சந்தேகப்பட்ட சேதத்தைச் செய்தது. போட்டவள் நான், அதுவும் பெரிதாகப் போட்டவள்.

சொன்னால் என்ன ஆகும் என்றும் யோசித்தேன், மறைக்கவில்லை. ‘இரண்டு தமிழரும் சேர்ந்து செய்தது’ என்று கடிதத்தில் ஒரு வரி கூடலாம். என் வேலைக் கடிதம் போனால் வெள்ளவத்தை அறையும் போய்விடும்.

வெள்ளிக்கிழமை

காலையில் மனேஜரை மூன்றாம் பிரஸ்ஸடிக்கு அழைத்துப் போனேன். சிங்களத்தில் சொல்லத் தொடங்கி, பாதியில் நாக்குத் தடுமாறி, ஆங்கிலத்துக்கு மாறி, எப்படியோ சொல்லி முடித்தேன். பிழை என் சரியில் என்றேன். குணபால அச்சைத் தேய்த்து மினுக்கி வைத்திருந்தார்.

“அன்ரன், இண்டைக்கு முழுக்கப் பூசுங்கோ. சரிக்கு மேலயும்.”

அன்ரன் தூரிகையை எடுத்தார். சரிக்குக் கிட்டக் கொண்டுபோனார். கை நின்றுவிட்டது. மனேஜரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுபடி முயன்றார். தூரிகை தானாக வளைந்து போனது.

“ஏலாமக் கிடக்கு மிஸ்” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

தூரிகையை வாங்கினேன். நான் போட்ட சரியை நானே எண்ணெயால் அழித்தேன். அடுத்ததையும் அழித்தேன். நாற்பது தகடும் அப்படியே போயின. மேலங்கி முழுக்க எண்ணெய். மனேஜர் கை கட்டி நின்று பார்த்தார்.

சேலைத் தலைப்பை அச்சின் வாயில் ஒரு சுற்று விட்டேன். எங்கேயும் பிடிக்கவில்லை. மனேஜர் என்னை விலக்கிவிட்டுத் தன் சட்டைப்பைக் கைலேஞ்சியால் தானும் ஒருமுறை துடைத்துப் பார்த்தார். பிறகு ஒரு பேசினை எடுத்து நகத்தால் தடவினார், இன்னொன்றை எடுத்தார், மூன்றாவதையும் எடுத்தார்.

“சரி” என்றார் கடைசியில். “இனி அடையாளத்தைத் தகட்டின் அடிப்பக்கம் போடுங்கள்.”

எங்கிருந்து எனக்கு அந்தத் துணிவு வந்ததோ தெரியாது. “அடிப்பக்கம் போட்டால் கீழ்க் கட்டையில் ஒட்டும் சேர். போடுவதென்றால் மூன்று பிரஸ்ஸுக்கும் போடுகிறேன். இல்லாவிட்டால் ஒன்றுக்கும் போட மாட்டேன்” என்றேன்.

குணபால எண்ணெய்க் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டே, “மட்டத் தானவாத சேர்?” என்று கேட்டார், எனக்கும் போடுவீர்களா என்று. சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் பதிலுக்குக் காத்து நின்றார்.

மனேஜரின் முகம் சிவந்தது. “ஓன நே” என்றார். ஒருவருக்கும் தேவையில்லை. கடிதம் எழுத மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் எழுதவில்லை.

அவர் போன பிறகு அன்ரன் ஒரு புதுத் தகட்டை எடுத்து வைத்தார். சரி இல்லாத வெறும் தகடு. பழக்கத்தில் அதைச் சுற்றித் திருப்பினார். தன் பக்கம் வைக்க ஒன்றுமில்லை. தூரிகையைப் பிடித்தபடி நின்றார்.

“மிஸ், இனி ஆராவது வந்து கேட்டா, நான் என்னத்தைக் காட்டுறது?”

மேலங்கிப் பையில் மிச்சமிருந்த வெண்கட்டித் துண்டு என் விரலில் பட்டது. அதை எடுத்துக் குப்பை வாளிக்குள் போட்டேன்.

“என்னைக் காட்டுங்கோ” என்றேன்.

அவர் தகடு முழுவதும் எண்ணெய் பூசினார்.